தூளிக்கும் ஒரு பங்கு

சாமைக் கஞ்சியில் ஒரு சிட்டிகை படிகாரம் சேர்த்துக் காய்ச்சினால் பசை நன்றாகப் பிடிக்கும், டாக்டர் ஐயா. கரப்பானும் அண்டாது. இந்த மலைக்கு நர்ஸாக வந்த பிறகு நானே கண்டுகொண்டது. மருந்துப் புட்டியில் காகிதம் ஒட்ட இதைவிட நல்ல பசை சேலத்திலும் கிடைக்காது.

இங்கே எழுத்துத் தெரிந்தவர்கள் குறைவு. அதனால் காகிதத்தின் ஓரத்தை வெட்டி வெட்டிப் புட்டியின் பக்கவாட்டில் ஒட்டிவிடுவேன். ஒரு வெட்டிலிருந்து அடுத்த வெட்டு வரை ஒரு வேளை மருந்து. கணக்கில் எனக்குத் தடுமாற்றம் கிடையாது. குழந்தையின் வயதோடு பன்னிரண்டைக் கூட்டி, வருவதைக் கொண்டு வயதை வகுக்க வேண்டும். ஒரு வயதுப் பிள்ளைக்குப் பெரியவர் அளவில் பதின்மூன்றில் ஒரு பங்கு. நீங்கள் கற்றுத்தந்ததுதான்.

இந்த மலையிலேயே குண்டனி நாடு என்னும் பகுதியிலிருந்து மாராயி வந்தாள். அவள் நாத்தனார் பாப்பாயிக்கும், அவளுடைய ஒரு வயது மகன் செங்கோடனுக்கும் வயிற்றுப்போக்கு. அபின் கலந்த மருந்தை இரண்டு புட்டிகளில் கொடுத்தேன். பாப்பாயியின் புட்டியில் வெட்டுகள் அகலம்; குழந்தையுடையதில் நெருக்கம். மாராயி இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். முகம் சுண்டிவிட்டது.

“ஏனுங் நர்ஸம்மா, காட்டுப்பன்னி அடிச்சாக்கூட எங்கூருல தூளியில கெடக்கறதுக்கும் பெரியவங்களாட்ட ஒரு பங்கு வெப்பாங்க. எம்பட சாமிக்கு மட்டும் எறும்புக்கு ஊத்தறாப்புல வெச்சிருக்கறீங்க?”

“சின்ன ஒடம்பு, அது போதும் கண்ணு.”

“எங்க நங்கையா பாப்பாயி இதப் பாத்தாள்னா, உம்பையனுக்கு நர்ஸம்மா போட்ட மதிப்பு இதுதான்டின்னு வருசம் பூராச் சொல்லிக் காட்டுவாளுங்க.”

அவள் கண்ணில் நீர் கோத்தது. என் வாசலுக்கு வந்தவர்கள் முகம் வாடிப் போகக் கூடாது என்று தினமும் வேண்டிக்கொள்பவள் நான். ஈரம் காயாத அந்தக் காகிதத்தை உரித்துவிட்டு, பாப்பாயியுடையதைப் போலவே அகலமாக ஒன்றை வெட்டி ஒட்டினேன். ஆபத்து தெரியாமல் இல்லை. ஆனால் ஒரு தாய் அவ்வளவு சந்தோஷமாகக் கொடுக்கும் மருந்தைக் கடவுள் கெடுக்க மாட்டார் என்று நம்பினேன். “நீங்க நல்லா இருக்கோணுங்க” என்று என் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள்.

தண்ணீரைக் கூடுதலாகக் கலந்துவிட்டு, வெட்டுகளை மட்டும் சமமாக வைத்திருக்கலாமே என்கிறீர்கள். அது அன்றைக்கே எனக்குத் தோன்றியது. ஆனால் ஒரு தாயை ஏமாற்றுவது பாவம்.

முதல் வேளையிலேயே செங்கோடன் தூங்கினான். பேதி நின்றதே என்று மகிழ்ந்து, தூக்கத்திலேயே அடுத்த வேளையும் புகட்டினாள். பிறகு தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தாள். “பையன் எந்திரிக்கவே மாட்டேங்கறானுங்க” என்றாள். தொட்டுப் பார்த்தேன். குளிர்ந்திருந்தான்.

அவளை உட்காரவைத்துச் சுக்குத்தண்ணீர் கொடுத்தேன். அவள் கையோடு கொண்டுவந்திருந்த புட்டியை உள்ளே எடுத்துப்போய், நெருக்கமாக வெட்டிய காகிதம் ஒன்றைப் பழையதன் மேல் ஒட்டினேன். திரும்பி வந்து அதை அவளிடம் பக்குவமாகக் காட்டினேன்.

“இதத் தாண்டி ஊத்திட்டியே, கண்ணு.”

புட்டியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். “பெருசா இருந்தாப்புல இருந்துச்சுங்களே.”

“மனசு கலங்கினா அப்படித்தான் தெரியும்” என்றேன்.

மகனைக் கொன்றவள் என்று அவள் புருஷன் அர்த்தனாரி வீட்டை விட்டே துரத்திவிட்டான். யாரும் சேர்க்கவில்லை. நான்தான் சேர்த்துக்கொண்டேன். மருந்துக்கூடத்தின் பின்கட்டில் இடமும், குளிருக்கு என் கம்பளியும் கொடுத்தேன். வாசல் கூட்டுகிறாள். பொழுது சாய்ந்தால் இருவரும் சேர்ந்து விளக்கேற்றிக் கும்பிடுகிறோம். அவள் மேல் எனக்குக் கோபமே இல்லை என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன்.

நேற்று நீங்கள் அந்தப் புட்டியைக் கழுவ ஊறவைத்தீர்கள். மேல் காகிதம் கழன்றுவிட்டது. அவசரத்தில் வெறுங்கஞ்சியால் ஒட்டியது. அடியிலிருந்தது அசையவில்லை. படிகாரப் பசை அப்படி.

ஆமாம் ஐயா. இரண்டும் நான் வெட்டியவைதான். அந்தக் குழந்தை செத்தது நான் வைத்த அளவால். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

மாராயியிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். நான் மன்னித்துவிட்டேன் என்ற நம்பிக்கையில்தான் இப்போது இரண்டு வாய் சாப்பிடுகிறாள். அந்த ஆறுதலைப் பிடுங்க எனக்கு மனம் வரவில்லை.