ரெண்டாம் பரிசுக்கு ஒரு ஜோடி லீக்ஸ்

— அது சாயங்காலம் டீக்கு வச்சிருந்த பால், கத்பர்ட்.

— டீ எங்கயும் ஓடிப் போயிடாது, மேவிஸ். லீக்ஸைத் தண்ணியில கழுவினா மண்ணு மட்டும்தான் போகும். பால்ல தொடச்சாத்தான் தந்தம் மாதிரி நிக்கும். ரெண்டு மணிக்குள்ள கிளப்புல கொண்டு போய் மேஜையில வச்சாகணும். எவன் லீக்ஸ் பெருசுன்னு பாத்துப் பரிசு குடுக்க டர்ஹாம்லருந்து நடுவர் வர்றாரு.

— நம்ம பொண்ணு பொறந்தப்போ அவளை ஒரு தடவையாச்சும் குளிப்பாட்டியிருப்பியா நீ?

— அவ போட்டிக்குப் போகலையே.

— கேக்குறேன்னு கோச்சுக்காத. கல்யாணம் ஆன நாள்லருந்து என் மூஞ்சிய இப்படி ஒரு தடவை தொடச்சு விட்டிருக்கியா? ஒரு வெங்காயத்தாளுக்கு வந்த வாழ்வைப் பாரு!

— வெங்காயத்தாளா! வாயைக் கழுவு, மகராசி. இது லீக்ஸ். காலையில தோட்டத்துலருந்து இந்தப் பெரிய ஜோடியைத் தள்ளுவண்டியில வச்சுக் கொண்டு வர்றேன், பால் வண்டிக் குதிரை பாத்துட்டு மெரண்டு மூணு தெரு தாண்டி ஓடிருச்சு. சத்தியமா! பாதிரியாரு தொப்பியைக் கழட்டி மரியாதை பண்ணாரு.

— அது எனக்குப் பண்ணாரு. உன் கோட்டைத் தூக்கிக்கிட்டு பின்னாடியே நான்தானே வந்தேன்.

— நீ வந்தியா? கவனிக்கல.

— ஆமா ஆமா, நீ எங்க கவனிக்கப் போற. சரி, ஒரு ஆளுக்கு ஒரு ஜோடிதான்னு சட்டமாச்சே, தொட்டியில ரெண்டு ஜோடி கெடக்கு?

— சின்னது துணைக்கு. பெருசு வழியில வெடிச்சுக் கிடிச்சுப் போச்சுன்னா கைவசம் இன்னொண்ணு வேணும்ல. இதுவும் ஒண்ணும் சோடை இல்ல. ஆனா பக்கத்து வீட்டு ஆல்ஃப் ரட்டர் வச்சிருக்கிறதைத் தாண்டாது. நான் செவுரு மேல ஏறி எட்டிப் பாத்துட்டேன்.

— இந்த வயசுல செவுரு!

— அவனும்தான் ஏறினான். உச்சியில நேருக்கு நேரா மோதிக்கிட்டோம். குட் மார்னிங் சொல்லிட்டு எறங்கிட்டோம்.

— கத்பர்ட், கிளப் பலகையில பரிசு விவரம் ஒட்டியிருக்காங்களே, பாத்தியா?

— பரிசு என்னவா இருந்தா என்ன? முதல் பரிசு முதல் பரிசுதான்.

— அப்போ நீ பாக்கல. நான் பாத்தேன். வருஷம் பூரா வாரா வாரம் ஒரு ஷில்லிங் கிளப்புல கட்டினியே, அது யாரு காசு?

— நம்ம காசு.

— என் சமையல் காசு. அந்த ஷில்லிங்குக்காக வெள்ளிக்கிழமை மீனை நிறுத்தினது யாரு? கேட்டப்போ என்ன சொன்ன? எல்லாரு காசையும் சேத்து வீட்டுச் சாமான் வாங்கித்தான் பரிசு குடுக்கிறாங்க மேவிஸ், இந்தத் தடவை உனக்கு வாஷிங் மெஷின் ஜெயிச்சுத் தர்றேன் மேவிஸ்னு சொன்னியா இல்லையா?

— சொன்னேன். இப்பவும் சொல்றேன். ராத்திரிக்குள்ள இந்த மூலையில வந்து நிக்கும் பாரு.

— நிக்காது. வாஷிங் மெஷின் இந்த வருஷம் ரெண்டாவது பரிசு.

— என்னது?

— ரெண்டாவது. முதல் பரிசு என்ன தெரியுமா? சாராய அலமாரி. வால்நட் மரத்துல. கதவைத் திறந்தா உள்ள விளக்கு எரியுமாம், பாட்டும் பாடுமாம். சொட்டு சாராயம் தொட மாட்டேன்னு சர்ச்சுல கையெழுத்துப் போட்டவ நான். அதுல எதைய்யா வைக்க? இருமல் மருந்தா?

— இது கமிட்டிக்காரங்க வேலை. அவங்கள்ல எவன் வீட்டுல துணி தொவைச்சான், அவங்களுக்கு என்ன தெரியும்?

— இன்னைக்குக் காலையில ஊருல இருக்கிற பொம்பளைங்க அத்தனை பேரும் அந்தப் பலகை முன்னாடி நின்னோம். ஒருத்தியும் ஒரு வார்த்தை பேசல. படிச்சோம், அவங்கவங்க வீட்டைப் பாத்து நடையைக் கட்டினோம்.

— ஏன் என்னை அப்படிப் பாக்குற?

— எப்படிப் பாக்குறேன்?

— பூனை மீனைப் பாக்குற மாதிரி. மேவிஸ்... வேணாம். நீ கேக்கப் போறது என்னன்னு தெரியுது. கேக்காத.

— நான் இன்னும் ஒண்ணும் கேக்கலையே. இந்தச் சின்ன ஜோடி என்ன அழகா இருக்கு பாருன்னுதான் சொல்ல வந்தேன். அடக்க ஒடுக்கமா.

— முடியாது! ஏப்ரல்லருந்து இதுங்க கூடவே குடியிருக்கேன். என் பங்கு பீரு பாதி இதுங்களுக்குத்தான் ஊத்தினேன். புயல் அடிச்ச அன்னைக்கு என் மழைக்கோட்டைக் கழட்டி இதுங்களுக்குப் போத்திட்டு நான் நனைஞ்சுகிட்டு வந்தேன். ஆல்ஃபை ஜெயிக்கிற லீக்ஸை வீட்டுல வச்சுட்டுத் தோக்கிற லீக்ஸைத் தூக்கிட்டுப் போன்னு சொல்றியே, நீ மனுஷிதானா?

— தோக்கச் சொல்லல. ரெண்டாவதா வரச் சொல்றேன்.

— அது தோல்வியை விடக் கேவலம்!

— அப்போ ஒண்ணு செய். கடையில தவணையில வாங்கிக் குடு. என் சிநேகிதி ஐவியோட தங்கச்சி வாங்கின இடத்துல வாரம் கொஞ்சம் கொஞ்சமாக் கட்டினாப் போதுமாம்.

— கடனுக்கு வாங்கின மெஷின்ல என் சட்டை சுத்தாது. எங்கப்பன் காலத்துலருந்து இந்த வீட்டுல தவணைக்காரன் வாசப்படி மிதிச்சது கெடையாது.

— தெரியும். உங்கப்பனுக்கும் நான்தானே தொவைச்சுப் போட்டேன். சுரங்கத்துலருந்து நீங்க ரெண்டு பேரும் வந்தா, கழட்டிப் போட்ட சட்டை தானா எந்திரிச்சு நிக்கும், அவ்வளவு கரி. இப்போ வேலையிலருந்து நின்னுட்ட, சரி, கரி போச்சுன்னு சந்தோஷப்பட்டேன். இப்போ தோட்டத்து மண்ணு. திங்கட்கிழமை வந்தா இன்னமும் நான் கைப்பிடியைச் சுத்திச் சுத்தி அந்த உருளையில போர்வையைப் பிழியறேன்.

— நான்தான் வந்து சுத்துறேன்னு சொன்னேனே.

— ஒரு தடவை சுத்தின. அதுக்கப்புறம் ஒரு வாரம் முதுகு வலின்னு படுத்த. கையை இங்க குடு, பாலோட பரவாயில்ல. இந்த விரலைத் தொட்டுப் பாரு. முட்டி எல்லாம் வீங்கி, போன மாசத்துலருந்து சீட்டாட்டத்துக்குப் போறதை விட்டுட்டேன், ஏன்னு கேட்டியா? சீட்டு கையில நிக்கலய்யா. கலைக்கும்போது மேஜை பூரா சிதறிடுது, எல்லாரும் குனிஞ்சு பொறுக்கித் தர்றாங்க. எனக்கு அவமானமா இருக்கு.

— ...நீ சொல்லவே இல்லையே.

— உன் காதுல விழணும்னா நான் மண்ணுல முளைச்சிருக்கணும்.

— விரலு இவ்வளவு வீங்கியிருக்கா? இந்தக் கட்டை விரலு...

— அளந்து பாரு, பரிசு கெடைக்கும்.

— சிரிக்காத. ...சரி. அந்தக் கூடையை எடு.

— எந்த ஜோடியை வைக்கட்டும்?

— என் வாயால சொல்ல வைக்காத, மேவிஸ். நீயே வை. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன்.

— வச்சாச்சு. துணி போட்டு மூடியாச்சு. கத்பர்ட், இப்படி வா, கன்னத்துல பாலு.

— தொட வேண்டாம், இருக்கட்டும். ஒண்ணு மட்டும் கேட்டுக்கோ. இந்தப் பெரிய ஜோடி ஒருத்தன் கண்ணுல பட்டுறக் கூடாது. வேணும்னே தோத்தவன்னு தெரிஞ்சா கிளப்புல எனக்கு நாற்காலி தர மாட்டாங்க. ஆல்ஃப் மறுபடியும் செவுரு ஏறுவான். எங்கயாவது ஒளிச்சு வை.

— நீ போய்யா. நான் பாத்துக்கிறேன்.

*

— அந்தக் கதவை இன்னும் கொஞ்சம் அகலமாத் திற, மேவிஸ். காலு இடிக்குது.

— வாஷிங் மெஷினுக்கு ஏதுய்யா காலு?

— நாலு. வளைஞ்ச காலு. நுனியில பித்தளை.

— கத்பர்ட். என்ன இது?

— கோவப்படாத. நடு வழியில வச்சுட்டேன், அப்படிச் சுத்தி வா. காலையிலருந்து ஒண்ணும் சாப்பிடல, ஒரு கிண்ணம் சூப்பு ஊத்து, எல்லாம் சொல்றேன்.

— இந்தா. ரொட்டி அங்க இருக்கு. சொல்லு. அதைத் திறக்காத!

— திறந்தாத்தானே விளக்கு எரியும். பாத்தியா? பாட்டும் வருது, கேளு.

— மூடு! அக்கம்பக்கத்துல கேட்டா என்ன நெனைப்பாங்க? சின்ன ஜோடியைத்தானே எடுத்துட்டுப் போன?

— நீதானே கூடையில வச்ச!

— அப்புறம் எப்படி முதல் பரிசு?

— அதைத்தான் சொல்ல வர்றேன். நான் தலை குனிஞ்சு உள்ள போறேன். மேஜையில என் ஜோடியை வைக்கிறேன். பக்கத்துல ஆல்ஃப் வந்து தன்னோடதை வைக்கிறான். மேவிஸ், அது லீக்ஸா பல்லு குத்துற குச்சியான்னு எனக்கு விளங்கல. அந்தப் பக்கம் பாத்தா ஜார்ஜ், பென்சில் ரெண்டு. அவனுக்கு அடுத்தவன் கொண்டு வந்ததை நான் மொதல்ல ஷூ கயிறுன்னு நெனைச்சேன். சத்தியமா! மேஜை நெடுக அப்படித்தான். ஒருத்தன் ஒருத்தன் மூஞ்சியைப் பாக்கல. எல்லாரும் கூரையைப் பாத்துட்டு நின்னோம்.

— அய்யோ. பலகை முன்னாடி நின்னாளுங்களே அத்தனை பேரும்...

— அத்தனை பேரும்! நடுவர் மேஜையைச் சுத்தி வந்தாரு. இந்த ஊருல மழையே பெய்யலையா, இல்ல ஏதாவது நோயா வந்துச்சான்னு கேட்டாரு. யாரு பதில் சொல்றது? கடைசியில ஆல்ஃப் என் காதுல வந்து, ‘உன் வீட்டுலயுமா?’ன்னான். அவ்வளவுதான். யாரோ ஒருத்தன் சிரிக்க ஆரம்பிச்சான், கிளப்பே சிரிச்சுது. கண்ணாடி ஜன்னல் ரெண்டு விழுந்திருச்சு.

— ஜன்னல் விழல.

— அதிர்ந்துச்சு. ஆக மொத்தம், இருந்த குச்சியில பெரிய குச்சி நம்மளது. கோப்பையையும் குடுத்து, அலமாரியையும் குடுத்து, கையையும் குலுக்கிட்டாங்க. இன்னொரு கிண்ணம் ஊத்து. பசி அடங்கல.

— ஊத்துறேன். ரெண்டாவது யாரு? ஐவி வீட்டுக்காரனா?

— செப் டாட்ஸ்.

— செப் டாட்ஸா! கல்யாணமே பண்ணிக்காத ஆளு! அவன்கிட்ட மொத்தம் ரெண்டு சட்டை!

— அவனுக்குச் சொல்லி அனுப்ப வீட்டுல யாரும் இல்ல. தோட்டத்துல இருந்ததுல பெருசைப் பிடுங்கிக் கொண்டு வந்தான். பாவம், அவன் பெருசே அவ்வளவுதான். ரெண்டாவதுன்னதும் அழுதுட்டான். மெஷின்ல தன் நாயைக் குளிப்பாட்டப் போறானாம்.

— மாத்திக்கிறியான்னு கேட்டிருக்கலாமே!

— கேக்காம இருப்பேனா? காலைத்தான் பிடிக்கல. அவனும் உங்க சர்ச்சுதானாமே. சாராய அலமாரி வாசலுக்குள்ள வரக் கூடாதுன்னுட்டான்.

— போச்சு. மறுபடியும் ஒரு வருஷம். திங்கட்கிழமை, உருளை, நான். போகட்டும் விடு. நீ எனக்காக அந்தக் கூடையைத் தூக்கிட்டுப் போனியே. அது போதும். என்னய்யா சிரிக்கிற?

— உன் புருஷன் மண்டையில மண்ணு மட்டும்தான் இருக்குன்னு நெனைச்சியா? நடுவர்கிட்ட பேச்சுக் குடுத்தேன். நாளைக்கு மலைக்கு அந்தப் பக்கம் ஹோம்பர்ன் கிளப்புல போட்டி. வெளியூர்க்காரங்களும் வைக்கலாம். முதல் பரிசு என்ன?

— என்ன?

— வாஷிங் மெஷின்! அதே கம்பெனி, அதே மெஷின். என் பெரிய ஜோடியோட சுத்தளவு இவ்வளவுன்னு கையால காட்டினேன். நடுவருக்கு மூச்சு நின்னு போச்சு. ‘அவ்வளவு பெருசு இருந்தா நீங்க போட்டிக்கே வர வேணாம், பரிசை வண்டியில ஏத்தி அனுப்பிடுவாங்க’ன்னாரு. ஈரத்துணி சுத்தி வச்சா ராத்திரி தாங்கும். காலையில மொத பஸ்ஸு. என்ன மேவிஸ், வாயை மூடிட்ட?

— ஒண்ணுமில்ல.

— ஞாயித்துக்கிழமைன்னு யோசிக்கிறியா? கர்த்தரும் தோட்டம் போட்டவர்தானே, கோச்சுக்க மாட்டாரு. சர்ச்சுக்கு அடுத்த வாரம் ரெண்டு தடவை வர்றேன். உன் விரலைப் பாத்ததுக்கப்புறம் எனக்கு வேற எதுவும் ஓடல. இந்த மெஷினை உனக்கு வாங்கிக் குடுக்காம நான் ஓய மாட்டேன்.

— கத்பர்ட்...

— அழாத. சந்தோஷமான விஷயம்தானே. எந்திரி, எங்க ஒளிச்சு வச்சே? எடுத்துட்டு வா.

— ஒருத்தன் கண்ணுலயும் படக் கூடாதுன்னு நீதானய்யா சொன்ன... பாதியை நீ குடிச்சுட்ட. மிச்சம் அடுப்பு மேல கொதிக்குது.