இரண்டு பிளாஸ்டிக் முளைகள்

மரக்காணம் பேருந்தில் என் முன்சீட்டுப் பெண் பக்கத்திலிருந்த தோழியிடம் சொன்னாள்: "அமெரிக்காவுக்கும் ஜப்பானுக்கும் நடுவுல இருந்ததைக் கொறடால பிடுங்கிட்டேன்டி."

"என்னடி சொல்ற?"

"அவரு துபாய்ல இருந்து அனுப்புன பழைய வீடியோ கேம் இருக்குதுல்ல? மிஷின் அமெரிக்காவோடது, கேசட்டு ஜப்பானோடது. ரெண்டும் சேராது, நான் வர்ற வரைக்கும் தொடாதன்னுட்டாரு. டார்ச் அடிச்சுப் பாத்தேன். கேசட்டை எறங்க விடாம உள்ள ரெண்டு பிளாஸ்டிக் முளை. அவ்ளோதான்!"

பர்ஸைத் திறந்து காட்டினாள். இரண்டும் நகத்தளவுதான் இருந்தன.

"இப்ப ஓடுதா?"

"ஓடாம? தெனம் ஆடுறேன்."

"லீவுல வந்தா திட்டுவாருடி."

வெளியே உப்புக் குவியல்கள் வரத் தொடங்கியிருந்தன. அவள் பர்ஸை மூடினாள்.

"வரட்டும். மொதல்ல என்கூட ஆடி ஜெயிக்கட்டும். அப்புறம் திட்டட்டும்."