மேற்படியால் மாண்டவர்

மரண அறிவித்தல்! சற்று முன்னர் இம்மண்டப வாசலில், தலைவர் சுதாகரன் மாஸ்டர் அவர்களின் இடதுகாற் செருப்பு நாயொன்றின் வாயில் அகால மரணமடைந்தது. வலதுகாற் செருப்பு உயிருடன் உள்ளதென்பதை ஆழ்ந்த ஆறுதலுடன் அறியத் தருகின்றேன்.

ஒற்றைச் செருப்போடும் உயர்ந்து வீற்றிருக்கும் தலைவர் அவர்களே, மேடையிலிருக்கும் கணக்காய்வு உத்தியோகத்தர் சுபாஜினி அவர்களே, முதியோர் சங்கத்துப் பெருமக்களே, முன்வரிசையை முற்றாக ஆளும் தாய்மாரே, தேத்தண்ணி வரும் வாசலையே பார்த்திருக்கும் தோழர்களே, வணக்கம்!

"டேய் லக்சன், விசயத்துக்கு வா!" என்கிறார் பின்வரிசையிலிருந்து டிலக்ஷன் அண்ணை. வாறன் அண்ணை. அரசாங்கக் கொடுப்பனவை விடக் கெதியா வாறன்.

சிரிக்கிறீர்கள். மூன்றாம் வரிசையில் இரத்தினம்மா அம்மையார் சிரிக்கவில்லை. ஏன்? ஏழு மாதமாக அவர் பதிவேட்டில் இறந்திருக்கிறார்!

முதியோர் கொடுப்பனவு வாங்கப் போனவரிடம், "நீங்கள் காலமாயிட்டியள், அம்மா" என்றார் எழுதுவினைஞர். அம்மையார் அவர் கையைக் கிள்ளினார்.

"நோகுதோ மோனை? செத்தவள் கிள்ளினால் நோகுமோ?"

"நோகுதுதான். ஆனால் கிள்ளினதை எழுதப் பதிவேட்டிலை இடமில்லை, அம்மா."

பஸ்ஸுக்குக் காசில்லாமல் ஏழு மாதம் அவர் மானிப்பாய்க் கிளினிக்குப் பக்கம் போகவில்லை. அந்தக் காசைக் கள்வனா கவர்ந்தான்? காற்றா கொண்டுபோனது? ஒரு சொல், ஒரேயொரு சொல் கொண்டுபோனது!

ஏட்டைப் புரட்டியவர் எத்தனையோ பேர். அந்த ஏட்டோடு வீடு வீடாய்ப் போய்ப் படலை தட்டியவர் சுபாஜினி அவர்கள். என்ன கண்டார்? ஒரு பக்கத்தில், "செல்வத்துரை: உயிருடன் உள்ளார்." அடுத்த வரி, "இரத்தினம்மா: மேற்படி." செல்வத்துரையர் கண்மூடினார். மேல்வரியை வெட்டிக் "காலமானார்" என்று எழுதினார்கள். கீழ்வரியில் இருந்த மேற்படி, பாவம், மேலே சொன்னபடி செத்தது! மற்றப் பக்கத்தில் தில்லைநாதன் ஐயா உயிருடன் உள்ளார். அவருக்குக் கீழே மேற்படி, மேற்படி. அந்த இருவரும் போய்ச் சேர்ந்து மாதங்களாயின. போய்ச் சேர்ந்தவர்களுக்கும் பணம் போய்ச் சேர்ந்தது! இறந்தவருக்குப் படி, இருப்பவருக்கு மேற்படி!

ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் ஒரு முகம் இருக்கிறதா என்று போய்ப் பார்ப்பதல்லவா கணக்காய்வு?

அந்த ஏட்டைக் கண்ட கணமே, பெரியவர் எவரும் காணாத பிழையின் வேரைக் கண்டவன் ஆர்? இந்த லக்சன்! கைதட்டுங்கோ, வெட்கப்படாதேங்கோ.

"எப்பிடியடா கண்டனீ?" என்கிறார் டிலக்ஷன் அண்ணை.

அதைக் கேட்டிருக்கக் கூடாது, அண்ணை.

அது... என்ரை கையெழுத்து. சங்கத்துக்காக இந்த ஏட்டைப் படியெடுத்துக் குடுத்தது நான்தான். "உயிருடன் உள்ளார்" எண்டு எழுதி எழுதிக் கை உளைஞ்சுது. மேற்படி போட்டுவிட்டு கிரிக்கெட்டுக்கு ஓடினனான்.

பிழை எங்கை நடந்ததெண்டு எழுத்திலை வந்தால்தான் அம்மாவின்ரை ஏழு மாத நிலுவை வரும் எண்டு சுபாஜினி அவர்கள் சொன்னவ. பத்து நாளா நான் வாயே திறக்கேல்லை. இந்தாங்கோ, கடிதம். முழுப்பெயரும் எழுதி ஒப்பமிட்டிருக்கிறன்.

அம்மா, மன்னியுங்கோ. கிள்ளுறதெண்டால் கிள்ளுங்கோ. பொறுமையோடு கேட்டவர்களுக்கு நன்றி. இரத்தினம்மா அம்மாவுக்கு வணக்கம். தில்லைநாதன் ஐயாவுக்கு வணக்கம். டிலக்ஷன் அண்ணைக்கு மேற்... இல்லை, இல்லை, வணக்கம்!