கடைசிக்கு முந்தின பேனல்

இல்லண்ணே, எதையும் விக்க வரல. இதோட நாலாவது தடவை வந்து நிக்கிறேன், நாலு தடவையும் இதையேதான் சொல்றேன். பையைப் பாருங்க. தார்ப்பாய், கையுறை, கட்டிங் பிளேயர், ஒரு ஜோடி புது வயர் முனை, அவ்வளவுதான். உங்க மாடி சோலார் பேனல்ல ஒரே ஒரு வயர் இணைப்பை மாத்தணும். அரை மணி நேரம். கேட்டுக்கு உள்ள நீங்க, வெளிய நான்னு இப்படிப் பேசிட்டிருந்த நேரத்துல வேலையே முடிஞ்சிருக்கும்.

போன்ல சோலார் ஆப்பு பச்சை காட்டுதா? காட்டும். எவ்வளவு கரண்டு வருதுன்னுதான் அது சொல்லும், எங்க சூடேறுதுன்னு சொல்லாது. தீப்பிடிச்சுதே பேக்கரிக்காரர் வீடு, அங்கயும் காலைல பச்சைதான் காட்டுச்சாம். மத்தியானம் மாடியே கரி.

என்னது, மெயின் சுவிட்சை அணைச்சிடுவீங்களா? அவரும் அதைத்தான் பண்ணாரு. வீட்டுல லைட்டு அணைஞ்சுது, மேல நெருப்பு அணையல. வெயில் அடிக்கிற வரைக்கும் பேனல்ல கரண்டு இருந்துகிட்டேதான் இருக்கும். சூரியனுக்கு சுவிட்சு எங்க இருக்குன்னு சொல்லுங்க, நானே போய் அணைச்சிட்டு வர்றேன். பதட்டத்துல மனுஷன் வாளித் தண்ணியோட ஏறியிருக்காரு. தீயணைப்புக்காரங்க வந்து இழுத்துப் போட்டதால ஆளு மிச்சம்.

நீங்க வேற, நிழலா இருக்கேன்னு பேனலுக்கு அடியில பழைய மெத்தை, அட்டைப் பெட்டி எல்லாம் அடுக்கி வெச்சிருக்கீங்க. எதிர் மாடிலேருந்து பாத்தேன். எப்படா பத்தும்னு அடுப்பைக் கூட்டி வெச்ச மாதிரி இருக்கு. அதுக்கு நேர் கீழ ரூம்ல யாரு? நடக்க முடியாத உங்க அம்மா. கோவப்படாதீங்கண்ணே. நான் கெட்டது நினைச்சுச் சொல்லல.

சோலார் கம்பெனி மேனேஜர் சொன்னாரா, எல்லாம் சரியா இருக்குன்னு? அவரு ஏசி ரூம்ல உக்காந்தே வெயிலை அளக்குற ஆளு. என்னை வேலையை விட்டுத் தூக்கினதையும் சொல்லியிருப்பாரே? வீடு வீடாப் போய் வயித்துல புளியைக் கரைக்கிறேனாம். சரி, கரைக்கிறேன். வயிறு கலங்கினா மருந்து இருக்கு. வீடு எரிஞ்சா?

கேளுங்க. ரெண்டு வயரை ஒண்ணோட ஒண்ணு சொருகுற இடம் இருக்குல்ல, அந்த ரெண்டு முனையும் ஒரே கம்பெனியா இருக்கணும். வேற வேற கம்பெனியும் பாக்க ரெட்டைப் பிள்ளைங்க மாதிரிதான் இருக்கும். சொருகினா டிக்குன்னு சத்தமும் வரும். அந்த சத்தத்தை நம்பித்தான் எல்லாரும் கெட்டோம். உள்ள ஒரு மயிரிழை இடைவெளி நின்னுடும். அங்க தினம் கொஞ்சம் கொஞ்சமா சூடேறி, பிளாஸ்டிக் இளகி, ஒரு நாள் பொறி பறக்கும். உங்களுது ரெண்டாவது வரிசை, கடைசிக்கு முந்தின பேனல். முதல்ல கீழ ஆஃப் பண்ணிட்டு, தார்ப்பாயைப் போட்டு மூடி அடக்கிட்டுத்தான் கை வைப்பேன். பயப்படாதீங்க.

என்னண்ணே?

மேல ஏறாமலே எப்படித் தெரியும்னா... இதை மாட்டின அன்னிக்கு மழை வர்ற மாதிரி இருந்துது. உங்க வேலை முடிய ஒரு முனை குறைஞ்சுது. கடைக்குப் போய்ட்டு வந்தா பொழுது போயிடும். பையில வேற கம்பெனிது கொஞ்சம் கிடந்துது, எடுத்து மாட்டிட்டேன். மறுநாள் பேக்கரிக்காரர் வீட்டுலயும் அதே பையிலேருந்துதான். யாரும் சொல்லல, நானாத்தான். தூசிக்கு முகத்துல துணி கட்டியிருந்தோம்ல, அதான் உங்களுக்கு அடையாளம் தெரியல.

அந்தப் பையிலேருந்து மாட்டினது மொத்தம் ஒம்பது வீடுண்ணே. ஒண்ணு எரிஞ்சு போச்சு. ஏழு மாத்திட்டேன். நேத்து ஒருத்தர் விஷயத்தைக் கேட்டதும் கன்னத்துல ஓங்கி ஒண்ணு விட்டாரு. விட்டுட்டு, அவரே ஏணியைப் பிடிச்சுக்கிட்டாரு.

நீங்களும் அடிச்சுக்கங்க. அதுக்காவது கேட்டைத் திறக்கணும்ல?