தொண்டையில் இறங்கிய ஏழு

— "இறங்கும்போது தொண்டையில் ஒரு கதகதப்பு." இது நீ எழுதினதுதானே? சொல்லுண்ணா.

— முதல்ல உக்காரு பாப்பா. மூச்சு வாங்குது உனக்கு.

— லிஃப்ட் ஓடல, மூணு மாடி ஏறி வந்திருக்கேன், மூச்சு வாங்காம பாட்டா பாடும்? கேக்கறேன்ல, நீ எழுதினதா இல்லையா?

— மேல என் பேர் போட்டிருக்குல்ல. அப்போ நான்தான்.

— பேர் மட்டுமா? போட்டோவும் போட்டிருக்கான் உன் எடிட்டர். கல்யாண மாப்பிள்ளை மாதிரி இளிச்சுக்கிட்டு நிக்கற. தலைப்பு வேற! "சமீபத்தில் ருசித்ததில் நெஞ்சில் நின்ற ஏழு ஒயின்கள்." நெஞ்சுல நின்னுச்சாம். ஈரல்ல போய் நின்னுச்சுன்னு எழுத வேண்டியதுதானே?

— கத்தாத. பக்கத்து வீட்டு வாத்தியார் இந்நேரம் ஒரு தூக்கம் போடுவாரு.

— எழுந்திரிக்கட்டும். எழுந்து வந்து என்னன்னு கேக்கட்டும், அவர்கிட்டயே நியாயம் கேக்கறேன். பதினோரு மாசமா உன் பத்தியை நான்தான் பிழை பார்க்கறேன். பதினோரு மாசமும் நிறம், வாசனை, வாசனை, நிறம். இதைத் தவிர வேற ஒரு வரி வந்திருக்கா? நாக்கு வந்திருக்கா? தொண்டை வந்திருக்கா?

— வரல.

— ஏன் வரல? டாக்டர் முன்னாடி என் தலையில கை வச்சு சத்தியம் பண்ணின. "இனி மூக்கோட நிறுத்திக்கிறேன், ஒரு சொட்டு வாயில வைக்க மாட்டேன்"னு. நான்கூட அழுதேன், மடச்சி. மோந்து பார்த்தே ஒருத்தன் பதினோரு மாசம் எழுதறானேன்னு ஆஃபீஸ்ல எல்லார்கிட்டயும் பெருமை வேற பேசினேன்.

— சரி விடு.

— எதை விட? மூக்கால எழுதறவனுக்குத் திடீர்னு தொண்டை எங்கேருந்து முளைச்சுது?

— தொண்டை எல்லாருக்கும் இருக்கு பாப்பா.

— நக்கலு. இந்த நிலைமையிலயும் நக்கலு. இரு, ஒண்ணொண்ணா படிக்கிறேன். முதல்ல 'கழுதைப் பாதை'. "உள்ளே போனதுமே நாக்கின் இரண்டு ஓரமும் சுருங்குகிறது. நாவல் பழம் தின்ற பிள்ளையாக நாக்கை நீட்டிப் பார்த்துக்கொண்டேன்." மோந்து பார்த்தா நாக்கு சுருங்குமா?

— நல்லா வந்திருக்குல்ல அந்த வரி?

— அடிச்சுப்புடுவேன். அடுத்தது 'மாமியார் தோட்டம்'.

— அந்தப் பேரு ஒயின் கம்பெனிக்காரங்க வச்சது. எனக்கு ஒரு சம்பந்தமும் இல்ல.

— "முதல் வாய்க்கு முறைக்கிறது. இரண்டாவது வாய்க்கு உட்காரச் சொல்கிறது. மூன்றாவது வாய்க்கு, போகாதே இரு என்று கையைப் பிடிக்கிறது." மூணு வாய்! எண்ணி எண்ணிக் குடிச்சிருக்க!

— சின்ன வாய்தான்.

— வாய்ல சின்ன வாய், பெரிய வாய்னு இருக்கா? உன் மஞ்சக் கண்ணை வச்சுக்கிட்டு எங்கிட்ட இதைச் சொல்ல உனக்கு வெக்கமா இல்ல? அப்புறம் இது, 'மூன்றாம் மழை'. "மறுநாள் காலை மிச்சத்தை ஊற்றிப் பார்த்தேன். முந்தைய நாளைவிட நிதானமாக இருந்தது." ஒயினு நிதானமா இருந்துச்சாம். நீ இருந்தியா?

— பாப்பா, தண்ணி குடி.

— வேணாம். இந்த வீட்டுத் தண்ணியைக்கூட நம்ப மாட்டேன் இனி. இந்த 'இரும்புக் கதவு' இருக்கே, அதைக் கேளு. "ஏழில் முதலிடம் இதற்குத்தான். பாட்டில் முடிந்த பிறகும் மேசையை விட்டு எழ மனம் வரவில்லை." பாட்டில் முடிஞ்சுதாம்! திங்கக்கிழமை காலையில ஆபரேஷன், இவரு பாட்டிலை முடிச்சுட்டு மேசையில உக்காந்திருக்காரு!

— எனக்கு முடியல பாப்பா. பதினோரு மாசம் பக்கத்துல வச்சு மோந்துட்டு மோந்துட்டு மூடி வச்சேன். ஒருநாள் முடியாமப் போச்சு. அவ்வளவுதான்.

— அவ்வளவுதானா?

— வேற என்ன சொல்லச் சொல்ற?

— என்னைப் பாரு. ஜன்னலைப் பார்க்காத, என்னைப் பாரு. உன் தங்கச்சி ஈரல்ல கொழுப்பு இருக்கு, இப்படியே உனக்கு எடுத்து வைக்க முடியாதுன்னு டாக்டர் சொன்னாரு. எத்தனை கிலோ குறைச்சேன் தெரியுமா? ஒன்பது. நாலு மாசமா ராத்திரிச் சோறு கிடையாது, சர்க்கரை கிடையாது. விடியறதுக்கு முன்னாடியே எழுந்து ஆத்துப் பாலம் வரைக்கும் போய் வருவேன். ரெண்டு ஜோடி செருப்பு தேஞ்சு போச்சு. உன்னால ஒரு நாளைக்கு ஒரு சொட்டை விட முடியல.

— தெரியும்.

— என்ன தெரியும்? ஊசி ஊசியா குத்தினாங்க. அந்தக் குழாய் மாதிரி மெஷினுக்குள்ள படுக்க வச்சு மூச்சைப் பிடி மூச்சைப் பிடின்னாங்க. "சொந்த விருப்பத்தோடதான் கொடுக்கறீங்களா, யாராவது மிரட்டினாங்களா"ன்னு ஒரு ரூம்ல அஞ்சு பேர் சுத்தி உக்காந்து கேட்டாங்க. எனக்குச் சிரிப்பு வந்துச்சு. மிரட்டினது நான். வேணாம் வேணாம்னு கட்டிலைப் பிடிச்சுக்கிட்டு அழுத உன்னை ஆம்புலன்ஸ்ல தூக்கிப் போட்டுட்டு வந்தவ நான்.

— நான்தான் சொன்னேனே அப்பவே. எனக்கு ஐம்பத்தெட்டு. உனக்கு முப்பத்தொன்பது. என்ன கணக்கு இது?

— கணக்கு பேசாத. நம்ம அம்மா போனப்போ எனக்கு அஞ்சு வயசு. எனக்குப் பல்லு விளக்கி விட்டவன் நீ, ஜடை போட்டு விட்டவன் நீ. கோணலா போடுவ, ஸ்கூல்ல எல்லாரும் சிரிப்பாங்க, அதையும் சந்தோஷமா போட்டுட்டுப் போனவ நான். உனக்கு ஒரு துண்டு ஈரல் கொடுக்க எனக்கு உரிமை இல்லையா?

— இருக்கு. ஆனா இப்போ பார்த்தேல்ல, நான் அதுக்கு லாயக்கு இல்ல.

— அதை நீ சொல்லாத. நான் சொல்றேன். நீ லாயக்கு இல்ல.

— அப்புறம் என்ன?

— எழுதிட்டேன். "என் சம்மதத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்." ஒரே வரி. கையெழுத்தும் போட்டுட்டேன். பையில இருக்கு.

— காரணம் கேப்பாங்களா?

— கேக்க மாட்டாங்க. கொடுக்கறவங்க எப்ப வேணாலும் வேணாம்னு சொல்லலாமாம், காரணமே வேணாமாம். உங்கிட்டகூட "அவங்க உடம்பு ஒத்துக்கலை"ன்னுதான் சொல்லுவாங்களாம். அவ்வளவு மரியாதை.

— நல்லது. அப்போ இங்க நின்னு ஏன் தொண்டையைக் கிழிச்சுக்கற? ஆஸ்பத்திரி ஆஃபீஸ் நாலு மணிக்கு மூடிடும். ஆட்டோ பிடி, போய்க் கொடு.

— என்ன?

— போய்க் கொடுன்னேன்.

— நான் இதைக் கொடுத்தா என்ன ஆகும்னு புரியுதா உனக்கு?

— புரியுது.

— ஆறு மாசம்னு சொன்னாரு டாக்டர். ஆறே மாசம்.

— புரியுதுங்கறேன்ல. மணி ரெண்டரை ஆச்சு. கிளம்பு.

— ஒரு வார்த்தை... மன்னிச்சுக்கோன்னு ஒரு வார்த்தை வருதா உன் வாயில? அந்தப் பேப்பரைக் கொடுக்காத பாப்பா, இனி குடிக்க மாட்டேன்னு ஒரு கெஞ்சல்? கல்லு மாதிரி நிக்கற. அந்தக் கருமம் என்னைவிட உசத்தியா போச்சு, இல்ல?

— ஆமாம்னு வச்சுக்கோ.

— சரி. வச்சுக்கறேன். போறதுக்கு முன்னாடி ஒரு வேலை பாக்கி இருக்கு. எங்க அந்த ஏழும்? மேல் அலமாரியா?

— அதைத் தொடாத.

— எல்லாத்தையும் பாத்திரம் கழுவற தொட்டியில ஊத்திட்டுத்தான் போவேன்.

— பாப்பா! அதைத் தொடாதன்னு சொன்னேன்! கதவைத் திறக்காத!

— இப்ப வருதா பதட்டம்? தங்கச்சி போறேன்னா வரல, பாட்டிலுக்கு வருது! தள்ளு. கையை எடு. எலும்புல பலம் இல்லாம என்னைப் பிடிக்க வந்துட்ட. இந்தா, உன் முதலிடம், உன் இரும்புக் கதவு. அடியில சொட்டு மிச்சம் இருந்தாலும் அதுவும் போகட்டும்.

— வை அதை.

— என்ன, கவிழ்த்தா வரமாட்டேங்குது?

— வைன்னு சொல்றேன்ல.

— தகடு இருக்கு. மூடி மேல தகடு அப்படியே இருக்கு.

— அது வேற பாட்டில். ரெண்டு அனுப்பினாங்க.

— ரெண்டு எப்பவும் அனுப்ப மாட்டாங்க உனக்கு. கழுத்து வரைக்கும் நிக்குது. முடிஞ்சு போச்சுன்னு எழுதியிருக்க... இது, கழுதைப் பாதை. இதுலயும் தகடு. மாமியார் தோட்டம், இதுலயும். அண்ணா, ஏழும் திறக்கவே இல்ல.

— உள்ள வை பாப்பா. அலமாரியை மூடு.

— மழுப்பாத. மோந்துகூடப் பார்க்கலையா?

— இல்ல.

— அப்போ அந்த நாக்கு? அந்த மூணு வாய்?

— முப்பது வருஷமா குடிச்சது எல்லாம் இங்க, மண்டையில இருக்கு. அதுல இருந்து எடுத்துப் போட்டேன். பதினோரு மாசத்துல ஒரு சொட்டு இல்ல, பாப்பா. உன் தலை மேல சத்தியம் பண்ணின கை இது.

— அப்போ எதுக்கு எழுதின? உன்னை நீயே ஊர் முன்னாடி குடிகாரன் ஆக்கிக்கிட்டு எதுக்கு?

— ஊருக்கு இல்ல. ஊரு இதைப் படிச்சுட்டு நல்ல ஒயின் போலன்னு புரட்டிட்டுப் போயிடும். தொண்டைன்னு ஒரு சொல்லைப் பார்த்தா பத்திரிகையைக் கையில எடுத்துக்கிட்டு ஓடி வர்ற ஆள் உலகத்துலயே ஒருத்திதான் இருக்கா.

— அதான் நான் டெஸ்ட்டுக்குப் போன நாளாப் பார்த்து, என் கண்ணுல படாம அச்சுக்கு அனுப்பினியா?

— முன்னாடியே பார்த்திருந்தா சத்தமில்லாம வெட்டிட்டு அச்சுக்கு அனுப்பியிருப்ப. அப்புறம் என்னை மன்னிச்சிருப்ப. நீ மன்னிக்கக் கூடாது, அதான் வேணும் எனக்கு. நான் வேணாம்னா நீ மறுபடி ஆம்புலன்ஸ்ல தூக்கிப் போட்டுட்டுப் போவ. நீயா வேணாம்னு சொல்லணும். கோபத்துல சொல்லணும், அப்பதான் திரும்ப மாட்ட.

— நாசமாப் போறவனே. ஏன்? ஏன்ணா?

— உன் பெரிய பொண்ணு வந்தா. போன மாசம், ஸ்கூல் பையோட, தனியா. இங்க இந்த நாற்காலியில உக்காந்தா. "மாமா, அம்மா ஆபரேஷன்ல எழுந்திரிக்கலேன்னா தம்பியை யார் பார்த்துப்பாங்க? அப்பாவும் இல்லையே"ன்னு கேட்டா. அழல. விவரமா கேட்டா, அட்ரஸ் கேக்கற மாதிரி. நான் பார்த்துக்கறேன்னு சொல்ல முடியுமா என்னால? நாளைக்கு நான் இருப்பேனான்னே தெரியாது. 

— எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல அவ.

— சொல்ல மாட்டா. உன் பொண்ணு.

— எங்கிட்ட நீ சொல்லியிருக்கலாம்ல? அண்ணா, எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல? திட்டு திட்டுன்னு திட்டிட்டு, அவளைக் கூட்டிட்டு வந்து பக்கத்துல உக்கார வச்சுப் பேசியிருப்பேன்ல? எனக்காக நீ ஏன் முடிவு பண்ணின?

— நீ எனக்காகப் பண்ணலையா? பையில என்ன தேடற? பாப்பா, அந்தப் பேப்பரை உள்ள வை. கிழிக்காத. கிழிக்காதன்னு சொல்றேன், காலம் பூரா உன்னோட பேச மாட்டேன்!

— கிழிச்சு என்ன ஆகப் போகுது? இது நகல்ணா, பாரு, முத்திரை குத்திக் கொடுத்திருக்காங்க. காலையிலேயே கொடுத்துட்டேன், நீ கெஞ்சினா ஓடிப் போய்த் திருப்பி வாங்கிடலாம்னுதான் வந்தேன், பஸ்ல வரும்போதே போன் வந்துடுச்சு, திங்கக்கிழமை ஆபரேஷனை வேற ஒருத்தருக்குக் கொடுத்துட்டாங்களாம், மறுபடி எழுதிக் கொடுத்தா முதல்ல இருந்து எட்டு மாசம் ஆகுமாம்.