தட்டோடு வெளியே வந்தவர்

— கையைத் துடைச்சுட்டுப் பக்கத்துல வா தாயே. கப்பல் மேல சொட்டப் போகுது.

— ஏங்க, கப்பல்னா தண்ணி படாமயா இருக்கும்? நான் சொல்றதை முதல்ல கேளுங்க.

— நிஜக் கப்பல் முழுகினது போதும். இது மரமும் பசையும் வெச்சு நான் பண்ணின மாடல். ஒரு சொட்டு விழுந்தா சாப்பாட்டுக் கூடத்துத் தரை உப்பிக்கும். நாளைக்கு மியூசியம் திறப்பு விழா. அந்தா தொங்குது பார் துணி.

— துடைச்சாச்சு. போதுமா? இப்ப இந்த மேல்மூடியைத் தூக்குங்க.

— இப்பத்தான் நாலு பேர் மூச்சைப் பிடிச்சுத் தூக்கி வெச்சுட்டுப் போனாங்க. நீ என்னவோ பால் பாத்திரத்து மூடி மாதிரி சொல்றே!

— சாப்பாட்டுக் கூடத்தை மாத்தணுங்க. இடது பக்கத்துச் சுவர். பியானோவை ஒட்டி ஆளுயர நிலைக்கண்ணாடி வெச்சிருக்கீங்களே, அது.

— அதுக்கு என்ன குறைச்சல்? கப்பலோட பழைய போட்டோவுல எப்படி இருக்கோ அப்படியே இருக்கு. சட்டத்துல இருக்கற பூவேலையைக்கூட விடலை. நகத்தளவு நாற்காலி, அதுவும் தரையோட திருகு போட்டுச் சுத்தற மாதிரி செஞ்சிருக்கேன். நீ வந்து குறை சொல்றே.

— அது கண்ணாடி இல்ல. கதவு.

— ம்.

— என்ன 'ம்'? கடல்ல முக்குளிச்சவங்க தூக்கிட்டு வந்தாங்களே ஒரு நீளமான சட்டம், மாசக்கணக்கா என் தொட்டியில ஊறிக்கிட்டு இருந்துதே, தினம் தண்ணி மாத்தி மாத்தி உப்பை இறக்கினேனே, அது அந்தக் கண்ணாடியோட சட்டம்தான். பூவேலை அப்படியே ஒத்துப் போகுது. இன்னைக்குத்தான் பின்பக்கத்துல படிஞ்சிருந்த சுண்ணாம்புப் படை பேந்து வந்துச்சு. உள்ள என்ன இருக்குன்னு நினைக்கிறீங்க?

— நீயே சொல்லிடு. உனக்கு வாய் துறுதுறுங்குது.

— கீல்! பித்தளைக் கீல். கீழே ஒரு தகடு வேற அடிச்சிருக்கு, ஷூ பட்டுப் பட்டுத் தேஞ்சு போய்க் கிடக்கு. கையில பாரம் வெச்சிருக்கறவன்தாங்க கதவைக் காலால தள்ளுவான். வெயிட்டருங்க!

— வெயிட்டருங்கதான். வேற யாரு.

— எப்படிங்க இவ்வளவு அமைதியா இருக்கீங்க? அந்தக் கப்பல்ல வெயிட்டரா இருந்த எங்கப்பா சொன்ன கதவுங்க அது! சாப்பிட்டவங்க எழுந்து போனப்புறம் தட்டுங்க போறதும் வர்றதும் அந்த வழியாத்தான், பயணிங்க கண்ணுல எச்சில் தட்டு படக் கூடாதுன்னு கதவு மேல கண்ணாடியைப் பதிச்சிருந்தாங்கன்னு தலையால அடிச்சுக்கிட்டாரே மனுஷன். யார் கேட்டா?

— கூட வேலை பார்த்தவங்கள்ல ஒருத்தர் பிழைச்சிருந்தாலும் சாட்சி சொல்லியிருப்பாங்க. யாரும் மிஞ்சலையே.

— விசாரணையில போட்டோவைத் தூக்கிக் காட்டி, இதுல கதவு எங்கே இருக்கு, விரலை வைய்யின்னாங்களாம். கதவு இல்லைன்னா பெரிய படிக்கட்டு வழியாத்தான் வந்திருக்கணும், அந்தப் படிக்கட்டுத்தான் முதல்லயே தண்ணிக்குள்ள போச்சு, அப்ப இவர் எல்லாரையும் விட்டுட்டு முதல் ஆளா ஓடி வந்திருக்காருன்னு முடிவு கட்டிட்டாங்க. கடைசி ஆளா வந்தவரை! கண்ணாடிக்குள்ள பூந்து வந்தவரோட பொண்ணுன்னு பள்ளிக்கூடத்துல என்னைக் கேலி பண்ணுவாங்க, தெரியுமா?

— தெரியும். நானும் அந்த வீட்டு மாப்பிள்ளைதானே.

— தெரிஞ்சவர் மாதிரியா இருக்கீங்க? இருங்க, அப்பாவுக்கே போன் போடறேன். காலையிலயே கீல் விஷயத்தைச் சொல்லிட்டேன். நாளைக்கு வாங்கன்னா முரண்டு பிடிக்கிறாரு. நீங்களாவது கூப்பிடுங்க... அப்பா? கேக்குதாப்பா? ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன், இவரும் பக்கத்துலதான் இருக்காரு.

— கேக்குது அம்மாடி. மாப்பிள்ளை, சாப்டீங்களா?

— ஆச்சு மாமா. உங்க பொண்ணு என் கப்பலை உடைக்க வந்து நிக்கிறா.

— உடைக்கட்டும், உடைக்கட்டும். ஏற்கனவே ஒரு தடவை உடைஞ்ச கப்பல்தானே.

— அப்பா, விளையாடாதீங்க. நாளைக்கு வருவீங்களா மாட்டீங்களா?

— அதான் சொன்னேனே, வரலை. கோவமெல்லாம் ஒண்ணும் இல்ல. கீல் கிடைச்சுதுன்னு கேட்டதும் எனக்கு எவ்வளவு சந்தோஷமா இருந்துது தெரியுமா? உங்கம்மாகிட்ட ரெண்டு டம்ளர் காப்பி கேட்டு வாங்கிக் குடிச்சேன். அது போதும் எனக்கு.

— போதாதுப்பா. நாலு பேர் முன்னாடி தலை நிமிர்ந்து வந்து நிக்கணும் நீங்க.

— இதோ பார். கீல் உன் தொட்டியில கிடக்கும். ஜனங்க பார்க்க வர்றது மாப்பிள்ளை செஞ்ச கப்பலைத்தான். அதுல கண்ணாடி சாத்தியே இருக்கு. சின்னப் பிள்ளைங்க எட்டிப் பார்த்து, ஆமா, இதுல கதவு எங்கே இருக்குன்னு கேக்கும். அதுங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது? அந்தக் கப்பல்ல எனக்கு இடம் இல்லம்மா. இல்லாத இடத்துல வந்து எதுக்கு நிக்கணும்? கால் வைக்க மாட்டேன். அவ்வளவுதான் விஷயம்.

— மாமா, ஒண்ணு கேக்கறேன். கப்பல் முழுகின அன்னைக்கு அந்தத் தட்டை எதுக்குக் கையோட கொண்டு வந்தீங்க?

— அதுவா! தட்டு தொலைஞ்சா எங்க தலைமை வெயிட்டர் சம்பளத்துல பிடிச்சுடுவாரு மாப்பிள்ளை. கப்பலே போகுதே, இனிமே யார் பிடிக்கப் போறாங்கன்னு அந்த நேரத்துல தோணலை. இடது கையில தட்டு, தோள்ல துண்டு, அப்படியே வெளியே வந்து நின்னேன். படகுல அந்தத் தட்டாலதான் தண்ணி இறைச்சோம். இப்ப உங்க மாமியார் அதுல மாத்திரை டப்பா அடுக்கி வெச்சிருக்கா.

— இடது கைதானே?

— இடது கைதான். வலது கை கதவுக்கு.

— ஏங்க, என்ன கதை கேட்டுக்கிட்டு இருக்கீங்க? கல்யாணம் ஆகி வந்த நாள்லேர்ந்து இந்தக் கதையைக் கேக்கறீங்க. ஒரு நாளாவது 'நான் நம்பறேன் மாமா'ன்னு வாயைத் திறந்து சொல்லியிருக்கீங்களா?

— சொன்னதில்ல.

— ஏன்?

— என் வேலை அளக்கறது. இங்க ஆதாரம் இல்லாம ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாது. மேலதிகாரி வந்து இது என்னன்னு கேட்டா, மாமனார் சொன்னாருன்னு சொல்ல முடியுமா?

— இப்பத்தான் ஆதாரம் வந்துடுச்சே! மாத்துங்க.

— மாத்தறதுக்கு ஒண்ணும் இல்ல.

— என்னது?

— அம்மாடி, மாப்பிள்ளைகிட்ட சண்டை பிடிக்காதே. போனை வை.

— நீங்க லைன்லயே இருங்கப்பா. ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு இப்படி ஒரு கல்நெஞ்சு! சரி, நீங்க மாத்த வேண்டாம், நானே அந்தக் கண்ணாடியைப் பேத்து எடுத்துடறேன். ஓட்டை இருந்தாலும் பரவாயில்லை, பொய்யா ஒரு சுவர் இருக்க வேண்டாம். மூடியைத் தூக்குங்க.

— மூடியைத் தூக்க வேண்டாம். பக்கவாட்டுல தூசு துடைக்க ஒரு சின்னத் திறப்பு வெச்சிருக்கேன். இந்தா. உன் கை ஒல்லிதான், உள்ள போகும். படை சுரண்டற ஊசி வெச்சிருக்கியா?

— பையிலதான் இருக்கு. நிஜமாவே உடைக்கப் போறேன், சொல்லிட்டேன். அப்புறம் என்னைக் கேக்கக் கூடாது.

— பொறு, பொறு. பியானோவைத் தட்டி விட்டுடாதே, அதுக்கு ஒரு வாரம் ஆச்சு. மெதுவா... ஆங், அங்கதான். உடைக்காதே. தள்ளு.

— தள்ளறதா?

— ஊசி முனையால கண்ணாடியோட ஓரத்துல. லேசா.

— ஐயோ.

— என்ன அம்மாடி? உடைச்சுட்டியா?

— இல்லப்பா... திறக்குது.

— எது?

— கண்ணாடி. கண்ணாடி அப்படியே பின்னால போகுதுப்பா. கீல் வெச்சிருக்காரு. மயிரிழை மாதிரி ஒரு கீல்... ஏங்க, எப்ப வெச்சீங்க இதை? நான் இன்னைக்குத்தானே கண்டுபிடிச்சேன்?

— சுவர் நிறுத்தின அன்னைக்கே வெச்சேன். உன் சட்டம் அப்ப கடலுக்கு அடியில சேத்துல கிடந்துது.

— அப்ப ஆதாரம்?

— மாமாதான். கடைசி ஆளா வந்தேன்னு ஒரு நாள் சாப்பிடறப்ப சொன்னாரு. சொல்லிட்டுத் தட்டைப் பார்த்துக் குனிஞ்சுக்கிட்டாரு. பொய் சொல்றவங்க நம்ம முகத்தைப் பார்ப்பாங்க, நம்பினோமான்னு. போட்டோவும் தப்பில்ல, அவரும் தப்பில்லன்னா எப்படின்னு யோசிச்சேன். ஒரே ஒரு வழிதான் இருந்துது. மூடி இருக்கறப்ப போட்டோ, தள்ளினா மாமா.

— இத்தனை நாளா ஒரு வார்த்தை சொல்லலையே!

— சொன்னா நீ அன்னைக்கே அவர்கிட்ட ஓடுவே. பொண்டாட்டி மனசுக்காக மாப்பிள்ளை ஒரு கதவு வெச்சாருன்னு அவர் நினைச்சுப்பாரு. அந்தப் பரிதாபம் அவருக்கு எதுக்கு? வெளியேர்ந்து ஆதாரம் வரட்டும்னு காத்துக்கிட்டு இருந்தேன். உன் தொட்டியிலேர்ந்தே வரும்னு நினைக்கலை. நாளைக்கு அதைத் திறந்தே வைப்போம். அழாதே, கண்ணீர் தரையில விழுந்துடும்.

— விழட்டும். உங்களை என்ன செய்யறதுன்னே தெரியலைங்க எனக்கு.

— இன்னும் கொஞ்சம் தள்ளிப் பார். கதவுக்குப் பின்னால இருட்டா இருக்கும். இந்தா, டார்ச்.

— என்னம்மா நடக்குது அங்க? ரெண்டு பேரும் குசுகுசுன்னு பேசினா எனக்கு ஒண்ணும் கேக்கலை. இதுக்குத்தான் சொன்னேன், நான் அங்க வர்றதா இல்ல, என்னை விட்டுடுங்க.

— வர வேண்டாம்ப்பா. குட்டி மரப்பொம்மையா நீங்க எப்பவோ இங்க வந்தாச்சு. இடது கையில தட்டு, தோள்ல துண்டு, கதவுக்கு வெளியே கடைசி ஆளா நிக்கிறீங்க.