குழாய்த் தண்ணீர் குடித்தவர்கள்

காகிதக் குவளையில் தேநீர் வேண்டாம் சார். குறை சொல்வதாக நினைக்காதீர்கள். உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருக்கும், மண்ணில் மட்காது. பழக்கதோஷம். நீங்கள் குடியுங்கள், நான் சொல்கிறேன்.

எங்கள் கல்லூரியில் வேதியியல் கட்டடத்துக்குப் பின்னால் ஒரு குளம் இருந்தது. ஆய்வகத்தில் கழுவிக் கொட்டுவதெல்லாம் ஒரு சிமெண்டுக் குழாய் வழியே அதில்தான் போய் விழும். அதை நிறுத்தத்தான் பசுமை மன்றம் தொடங்கினோம். நான் தலைவி. முதல் கூட்டத்தில் உட்கார இடமில்லை. இலவசமாகச் சட்டை கொடுத்தோம், அதனால். சட்டை தீர்ந்ததும் கூட்டமும் தீர்ந்தது. கடைசியில் மிஞ்சியது நானும் என் அறைத்தோழியும். அவளை எல்லோரும் நத்தை என்பார்கள். மழை விட்டதும் நடைபாதையில் ஊரும் நத்தைகளைப் பொறுக்கிப் புல்லில் விடுவாள். வகுப்புக்கு எப்போதும் தாமதம்.

நாங்கள் சும்மா இருக்கவில்லை. கைகோத்து நின்றோம், சுவரில் படம் வரைந்தோம், முதல்வர் அறை வாசலில் தவம் கிடந்தோம். அவர் தங்கமான மனிதர். "பாத்துக்கலாம்மா. பரீட்சை வருதில்ல, முதல்ல அதப் பாருங்க" என்பார்.

ஒன்றே ஒன்று கொஞ்சம் பலித்தது. கடையில் பாட்டில் தண்ணீர் வாங்காதீர்கள், விடுதித் தொட்டித் தண்ணீரையே குடியுங்கள் என்று அறை அறையாகப் போய்ச் சொன்னோம். தொட்டியைக் கழுவும் பொறுப்பையும் மன்றமே ஏற்றது. சாவி என்னிடம். சிலர் கேட்டார்கள். மற்றவர்கள் தலையாட்டிவிட்டுக் கடைக்குப் போனார்கள்.

பிறகு ஒருநாள் காலையில் குளத்து மீன்கள் மொத்தமும் செத்து மிதந்தன. நத்தை கரையில் உட்கார்ந்து அழுதாள். வகுப்புக்குப் போனவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். ஒருத்தி குளத்துக்கு முதுகு காட்டி நின்று தன்னைப் படம் எடுத்துக்கொண்டாள். முதல்வர் ஆள் அனுப்பிப் பிளீச்சிங் பவுடர் தூவச் சொன்னார்.

"இனிமேலாவது முழிச்சுக்குவாங்கடி" என்றாள் நத்தை.

"மாட்டாங்க."

"அப்ப எப்பத்தான் முழிப்பாங்க?"

எனக்கு விடை தெரிந்திருந்தது. மீன் செத்தால் நாற்றம். மனிதன் செத்தால்தான் செய்தி.

கோபத்தில் செய்தேன் என்று எழுதாதீர்கள். நிதானமாகத்தான் இருந்தேன். செடிகளுக்கு ஊற்றும் வாளியை அந்த ஆய்வகக் குழாயின் வாயில் வைத்தேன். நிரம்ப நிரம்பத் தூக்கிப் போய் விடுதித் தொட்டியில் ஊற்றினேன். பட்டப்பகல். எதிரே வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். பசுமை மன்றத் தலைவி வாளியோடு போனால் யார் என்ன கேட்கப் போகிறார்கள்? வாந்தி, மயக்கம் என்று நாலு பேர் படுப்பார்கள், குழாயை அடைத்துவிடுவார்கள் என்பதுதான் என் எண்ணம். அதற்கு மேலும் போகலாம் என்று தெரியாமலில்லை.

ஒன்றைத்தான் யோசிக்கவில்லை. படுத்தவர்கள் அத்தனை பேரும் எங்கள் பேச்சைக் கேட்டவர்கள். கேட்காதவர்கள் பாட்டில் தண்ணீர் குடித்துக் கல்லுக்குண்டாக இருந்தார்கள்.

படுத்தவர்களில் மற்றவர்கள் பிழைத்துவிட்டார்கள். நத்தை பிழைக்கவில்லை. அவளுடைய அம்மா மருத்துவமனை வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவளுக்குன்னு நீ ஒருத்தியாவது இருந்தியேம்மா" என்றார். நானும் அழுதேன். பொய்யாக இல்லை.

விசாரணை நடந்தது. குளத்து நீர் எப்படியோ தொட்டிக்குள் கசிந்திருக்கிறது என்று முடிவு கட்டினார்கள். குளத்தில் மண்ணைக் கொட்டி மூடி, வண்டி நிறுத்துமிடம் ஆக்கிவிட்டார்கள். குழாயை அடைக்கவில்லை, நீட்டித் தெருச் சாக்கடையில் விட்டிருக்கிறார்கள். விடுதிக்கு இப்போது லாரி லாரியாகப் பாட்டில் தண்ணீர் வருகிறது. உண்மையைச் சொன்னால் அந்தக் குழாயைப் பற்றியும் எழுதிக்கொள்வீர்கள் என்றுதான் நானாகக் காவல் நிலையத்துக்கு வந்தேன். நீங்கள் குழாயைப் பற்றி இதுவரை ஒன்றும் கேட்கவில்லை.

நத்தை குடிப்பாள் என்று தெரியுமா என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள்.

தெரியும். அவள் குடிக்கும்போது பக்கத்தில்தான் நின்றேன். சொல்லியிருக்கலாம். ஆனால் அவளுக்குப் பொய் வராது. விடுதி முழுக்கச் சொல்லிவிடுவாள், செய்ததெல்லாம் பாழாகிப் போயிருக்கும். பாதி குடித்துவிட்டு, "என்னமோ மாதிரி இருக்குடி" என்று மீதியை விடுதிக் குழாயடியில் நாங்கள் நட்டிருந்த கன்றுக்கு ஊற்றப் போனாள். அது அப்போதுதான் துளிர்விட்டிருந்தது. வாயில்லாத உயிர், அது என்ன பாவம் செய்தது?

"கொட்டாத. நீயே குடிச்சிரு" என்றேன்.

என் பேச்சை அவள் ஒருநாளும் தட்டியதில்லை சார்.